துவோவி தூக்கி எறிந்த அறுநூறு இரத்த மாதிரிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, துவோவியின் கணவர் ஒலாவி அவர்களே, இந்தப் பனியிலும் நினைவுக் கூட்டத்துக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் செவிலியர்களே, எங்கள் ஆய்வுக்கு இரத்தம் தந்த நல்ல உள்ளங்களே! வணக்கம்.

டாக்டர் துவோவி ரைஹாலாவோடு பன்னிரண்டு ஆண்டுகள் சண்டை போட்ட நுரையீரல் மருத்துவன் ஏரோ பேசுகிறேன். அழத்தான் வந்தேன். ஆனால் அழுகையைவிடப் பெருமைதான் முந்திக்கொண்டு வருகிறது!

உடம்பு செய்யும் ஒவ்வொரு வேலையும் இரத்தத்தில் நுண்ணிய வேதிப்பொருள்களாகத் தடம் விடுகிறது. அந்தத் தடத்தைப் படித்து நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிய உதவ முடியுமா? இதுதான் உயிர்வேதியியல் அறிஞர் துவோவி எடுத்துக்கொண்ட கேள்வி. ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்ததும், மார்பில் ஊசி விடுவதா, காத்திருப்பதா என்று கலங்கி என் முன்னால் உட்காரும் மனிதருக்காக எடுத்துக்கொண்ட கேள்வி.

முதல் முடிவு எப்படி வந்தது தெரியுமா? எங்கள் இரத்தச் சோதனை நூறு நோயாளிகளில் தொண்ணூற்றாறு பேரைப் பிடித்தது! நான் கேக்குக்குச் சொல்லிவிட்டேன், நிருபர்களுக்கும் சொல்லிவிட்டேன். துவோவி மட்டும் சிரிக்கவில்லை. அந்த முடிவைத் தூக்கி நிறுத்திய வேதிப்பொருள்கள் அவருக்குச் சந்தேகம் தந்தன. ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர் அணியில் இரத்தம் தந்த, மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர் வெய்கோவைத் தொலைபேசியில் பிடித்தார்.

“வெறும் வயித்தோடதானே வந்தீங்க?”

“ஆமாம்மா. ஒரு வாய் சாப்பிடல. காபி மட்டும்தான்.”

“எத்தனை கப்?”

“அஞ்சோ ஆறோ. காபியெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியாம்மா?”

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள். தண்ணீர் போலக் காபி குடிக்கும் இந்த நாட்டில் அதைச் சாப்பாட்டில் சேர்ப்பவர் யார்? வார்டில் கிடந்த நோயாளிகளைச் செவிலியர்கள் காபிப் பக்கம் விடவில்லை. நலமாக இருந்தவர்களோ வீட்டிலேயே குடித்துவிட்டு வந்தார்கள். நாங்கள் கண்டுபிடித்தது புற்றுநோயை அல்ல; காபி குடிக்காதவர்களை!

“காபிய மட்டும் கழிச்சிட்டு மிச்சத்த வெளியிடலாமே” என்றேன்.

“அதோட பாலும் சக்கரையும் ரொட்டியும்ல உள்ள போயிருக்கு! எது நோவு, எது காலைப் பலகாரம்னு நீங்க பிரிச்சுக் குடுங்க டாக்டரே. நான் கையெழுத்துப் போடறேன்.”

கத்தினேன். கதவை அறைந்து சாத்தினேன். அவர் அசைந்தாரா? அறுநூறு மாதிரிகளையும் தூக்கி எறிந்தார். நிருபர்கள் முன்னால் போய் நின்று, “தப்பு எங்களோடது” என்றார். பிறகு ஐந்து ஆண்டுகள், முதலிலிருந்து!

புதிய முடிவு வந்தது. நூறில் எழுபத்தெட்டு. என் முகம் தொங்கிப்போனது.

“மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. இப்பத்தான் இது பொய் சொல்லல” என்றார் துவோவி.

அந்த எழுபத்தெட்டை நான் நம்புகிறேன். நம்பித்தான் நோயாளிகளிடம் பேசுகிறேன்.

சென்ற வசந்தத்தில் அவருக்கே இருமல் வந்தது. எல்லோரையும் போல அவரும் இரத்தம் தந்தார். ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் புற்றுநோய் என்றன. எங்கள் சோதனை, ஒன்றுமில்லை என்றது. ஆய்வறிக்கை அச்சுக்குப் போக இருந்த வாரம் அது. அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போய் நின்றேன்.

“என்ன யோசனை? என்னையும் சேர்த்து எழுதுங்க.”

“எங்க எழுத?”

“நம்ம சோதனை தவறவிட்டவங்க வரிசையில. வேற எங்க?”

எழுதினேன், நண்பர்களே! அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். எழுபத்தெட்டு, எழுபத்தேழு ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் கிடைத்த எண்ணில் ஒன்றைத் தன் உயிரைக் காட்டிக் குறைத்துவிட்டுப் போனவரோடு வேலை செய்தேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு பெருமை!

ஒலாவி அவர்களே, துவோவியின் இரத்தம் எங்கள் உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சோதனையைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அதையும் மறுபடி சோதிப்போம். அதில் இருப்பதை எங்கள் கருவி கண்டுபிடிக்கும் வரை ஓயமாட்டோம். இது இங்கே கூடியிருக்கும் எங்கள் எல்லோரின் உறுதி. அதுவரை, துவோவி அம்மையாரை அவர் கேட்ட வரிசையிலேயே வைத்திருப்போம்.