எந்தச் சக்கரம் அவருடையது?

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, துணைத் தலைவராகிய பெட்டித் தச்சர் அவர்களே, கடிகார முகப்பு எழுதும் அண்ணன் அவர்களே, பழங்கடிகாரங்களை எங்கள் கையை நம்பி ஒப்படைத்துவிட்டு இன்று துக்கத்திலும் பங்குகொள்ள வந்திருக்கும் உரிமையாளர்களே, தொழில் தோழர்களே, முன்வரிசையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் மாமா அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். கடிகாரம் பழுது பார்ப்போர் சங்கத்தின் செயலாளன் நிமிர்ந்து நின்று பேச வேண்டிய இடம் இது. ஆனால் இன்று என் தலை நிமிர மாட்டேன் என்கிறது. அது ஏன் என்பதையும் இந்தச் சபையில்தான் சொல்லப்போகிறேன்.

நாம் யாரை இழந்து நிற்கிறோம்? பதாகையில் ‘பற்சக்கரச் செல்வி’ என்று எழுதியிருக்கிறோம். அவர் பார்த்திருந்தால், “எவன்டா இதை எழுதினவன், கூப்பிடு அவனை” என்றிருப்பார். நமக்கெல்லாம் அவர் பல்லக்கா. அவ்வளவுதான். உடைந்துபோன, தேய்ந்துபோன, தொலைந்துபோன கடிகாரச் சக்கரங்களுக்குப் பதிலாக, பித்தளைத் தகட்டிலிருந்து பல் பல்லாக அராவி, புதுச் சக்கரம் செய்து கொடுத்த பல்லக்கா! போன வாரம் ஒரு மதிய நேரத்தில், பட்டறை நாற்காலியிலேயே, அரத்தைக் கீழேகூட வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டாரே, அந்தப் பல்லக்கா!

அந்தப் பெயரால் அவர் பட்ட பாடு கொஞ்சமா? ஒருநாள் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பட்டறைக்குள் வந்துவிட்டார். யாரோ வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா அவர் வாயைத் திறக்கச் சொல்லி, லென்ஸைக் கண்ணில் மாட்டி, நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நான் அராவினா வலி போயிடும்ங்க. ஆனா மணிக்கு ஒருதரம் நீங்க அடிக்க ஆரம்பிச்சுடுவீங்க. பரவாயில்லையா?” மனிதர் வலியை மறந்து சிரித்துவிட்டார். அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தவரும் அக்காதான்.

தோழர்களே! அவர் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். வந்திருக்கும் உரிமையாளர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். உடைந்த சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். “அதுகூடச் சேர்ந்து சுத்துற சக்கரம் எங்கே? பொண்ணைப் பாக்காமலே மாப்பிள்ளை பாக்கச் சொல்றியா?” என்பார். புதுப் பித்தளையைத் தொடமாட்டார். செத்துப்போன கடிகாரங்களின் தகடுகளைத் தேடித் தேடி வாங்கி, அதில்தான் வெட்டுவார். அராவி முடித்ததும் விரலால் தடவிப் பார்க்கமாட்டார், கீழ் உதட்டில் வைத்து உருட்டுவார். விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியுமாம். உதட்டில் கீறல் இல்லாத பல்லக்காவை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா?

கடைசிப் பல் வெட்டும்போது பட்டறையில் யாரும் பேசக் கூடாது. ஏன்? ஒவ்வொரு பல்லிலும் மயிரிழை பிசகியிருந்தாலும் அந்தப் பிசகு எல்லாம் சேர்ந்து கடைசியில்தான் தெரியும். கடைசிப் பல்லுக்கு இடம் போதாமல் போகும், அல்லது இடம் மிஞ்சும். அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்குத்தான். அப்படி ஒரு சக்கரத்தை அவர் ஜன்னல் வழியாக வீசியதை நான் பார்த்திருக்கிறேன். என் தலையில்தான் விழுந்தது. “நல்ல வேளை, பல்லு சரியில்லை. சரியா இருந்திருந்தா மண்டையைக் கடிச்சிருக்கும்” என்று மேலிருந்து குரல் வந்தது.

இப்படி எத்தனை சக்கரங்கள்! இந்த ஊரில் ஓடுகிற பழங்கடிகாரங்களில் அவர் கைபடாத கடிகாரம் எது? இருந்தும், இதோ, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை இருக்கிறதே, அதன்மேல் அவர் செய்த பொருள் என்று ஒன்றே ஒன்றையாவது நம்மால் காட்ட முடிந்ததா? முடியவில்லை! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்மால் முடியவில்லை!

காரணம் சொல்கிறேன். அக்கா தான் செய்த ஒவ்வொரு சக்கரத்திலும், அடிப்பக்கம், நடுத் துளைக்கு அருகில் ஊசிமுனையால் ஒரு புள்ளி வைப்பார். பெயர் இல்லை, முத்திரை இல்லை, ஒரு புள்ளி. “நாளைக்கு இதைத் திறக்கிறவனுக்கு எது பழசு, எது நான் செஞ்சதுன்னு தெரியணும்ல? இல்லன்னா அந்தக் காலத்துக்காரனோட வேலையை நான் திருடின மாதிரி ஆயிடும்” என்பார். நாம் என்ன செய்தோம்? அந்தச் சக்கரத்தைக் கடிகாரத்தில் பொருத்துவதற்கு முன்னால் அந்தப் புள்ளியை அராவி எடுத்தோம். ‘உள்ளே இருப்பது அத்தனையும் பழசு’ என்று உரிமையாளரிடம் சொல்ல வேண்டுமே! புள்ளி இருந்தால் அப்படிச் சொல்ல முடியுமா? யார் அராவினார்கள் என்று கேட்காதீர்கள். அந்த அரம் இங்கே எல்லோர் மேசையிலும் இருக்கிறது, என் மேசையிலும்.

வருடந்தோறும் பொதுக்குழுவில் அவர் எழுந்து நிற்பார். “புள்ளியை அராவக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடுங்கப்பா.” வருடந்தோறும் நாம் அதை ‘இதர விஷயங்கள்’ என்ற கடைசித் தலைப்புக்குத் தள்ளுவோம். அந்த நேரத்துக்கு டீ வந்துவிடும். பாதிப் பேர் வெளியே போய்விடுவோம். டம்ளர் சத்தத்துக்கு நடுவே காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டு அவர் உட்காருவார். ‘அடுத்த முறை பரிசீலிக்கப்படும்’ என்று படித்தவன் இந்தச் செயலாளன்தான்.

சரி, இன்று காலை நடந்ததற்கு வருகிறேன். இந்த மண்டபத்தின் நடுவில், உத்தரத்திலிருந்து தொங்கும் இருமுகக் கடிகாரம் உங்களுக்குத் தெரியும். வாசல் பக்கம் ஒரு முகம், மேடைப் பக்கம் ஒரு முகம். சங்கம் அதை வாங்கியபோது, மணி முள்ளைச் சுழற்றுகிற சக்கரம் ஒரு பக்கத்தில் இல்லை. மறுபக்கத்துச் சக்கரத்தைப் பார்த்து அக்கா அதற்கு ஜோடி செய்தார். எல்லோரையும் போல நாங்களும் அதன் புள்ளியை அராவினோம். இருந்தாலும் பழையது கருத்திருக்கும், இவருடையது சற்று வெளுத்திருக்கும். சுமை இல்லாத சக்கரம் என்பதால் பழையதும் தேயவில்லை. ஆக, நிறம் ஒன்றுதான் அடையாளம்.

அக்காவின் கணவர், நம் மாமா, எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “அவ செஞ்சது ஒண்ணுகூட வீட்டுல இல்லப்பா. எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு குடுங்க.” உடனே நிர்வாகக் குழு கூடியது. சங்கத்துக் கடிகாரத்தில் உள்ள அக்காவின் சக்கரத்தை இந்தக் கூட்டத்தில் மாமா கையில் கொடுப்பது, கடிகாரத்தின் அந்த முகம் மணி முள் இல்லாமலே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இத்தனை வருடத்தில் இந்தச் சங்கம் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

காலையில் பெட்டித் தச்சரும், முகப்பு எழுதும் அண்ணனும், நானும் கடிகாரத்தை இறக்கினோம். பழையதையும் அக்காவுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவர் கைவண்ணம் எல்லோருக்கும் புரியும் என்று இரண்டையும் கழற்றினோம். தச்சர், “என்னய்யா இது, ரெண்டும் இப்படி அழுக்கா இருக்கு? சபைக்கு வர்ற பொருளு” என்றார். “ஆமாம், பளிச்சுன்னு இருக்கட்டும்” என்றேன். தச்சர் அழுக்கெடுக்கும் கரைசலை ஊற்றினார். ஒரே கிண்ணம்! இரண்டு சக்கரங்களும் ஒரே கிண்ணத்தில்! ஒரே மாதிரி இருக்கும் இரண்டு உறுப்புகளை ஒன்றாகக் கழுவக் கூடாது என்பது இந்தத் தொழிலுக்கு வந்த அன்றே காதில் விழுகிற பாடம். மூன்று பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

துடைத்து எடுத்தால் இரண்டும் தங்கமாக மின்னுகின்றன. முகப்பு அண்ணன் ரிப்பனை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். “அக்காவோடதைக் குடுங்க, கட்டிடறேன்.” தச்சர் என்னைப் பார்த்தார். நான் தச்சரைப் பார்த்தேன்.

அப்புறம் என்ன? லென்ஸ் வந்தது. தராசு வந்தது. எடை ஒன்றே. பற்களின் எண்ணிக்கையும் ஒன்றே. கடிகாரத்தில் மாட்டிப் பார்த்தோம். இரண்டும் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. ஒருவர் இது என்றார், ஒருவர் அது என்றார். வெளியே நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஸ்பிரிங்காரரைக் கூப்பிட்டோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, “ரெண்டுமே அக்கா செஞ்சதுதான்” என்று அடித்துச் சொன்னார். பழையதும் புதியதும் பார்த்தே வயிறு வளர்க்கிற நாம், நம் அக்காவின் வேலையை அடையாளம் காட்டத் தெரியாமல் நின்றோம்!

இதையே அவருக்குப் பெரிய புகழாக நான் பேசிவிடலாம். ‘நிபுணர்களே கண்டுபிடிக்க முடியாத கைத்திறன்’ என்று முழங்கினால் நீங்களும் கை தட்டுவீர்கள். ஆனால் அவர் கேட்டது அந்தக் கைத்தட்டலையா? கண்டுபிடிக்க முடிய வேண்டும் என்றுதானே அவர் வருடந்தோறும் தொண்டை வறளக் கத்தினார்!

இன்னும் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர் மெல்லச் சொன்னார்: “ஏதாவது ஒண்ணைக் குடுத்துடலாம்யா. அவருக்கு என்ன தெரியப்போகுது?” சரி என்று சொல்ல என் நாக்கும் தயாராகத்தான் இருந்தது. கிண்ணத்தில் போட்ட தச்சர்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். “இன்னைக்குமாய்யா?” என்றார்.

மாமாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். “ரெண்டையும் எடுத்துக்கோங்க மாமா, அதுல ஒண்ணு கண்டிப்பா அக்காவோடது” என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். மாமா இரண்டையும் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். “வேணாம் தம்பி. ரெண்டையும் வெச்சா, அவ செய்யாத ஒண்ணும் அவ பேர்ல என் வீட்டுல இருக்கும். அதைத்தானே கூடாதுன்னு உங்ககிட்ட கத்துவா? கத்திட்டு வந்து சாப்பிடாமப் படுத்துக்குவா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா சாப்பிடாமல் படுத்தது நமக்குத் தெரியுமா? நாம் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

பெரியோர்களே! இரங்கல் கூட்டம் என்றால் தீர்மானம் போட வேண்டும். அவர் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைக்க வேண்டும். அவர் பணியைத் தொடர நம்மில் ஒருவருக்கும் கை கிடையாது. அதில் பாசாங்கு வேண்டாம். அவருடைய புள்ளியைத் தொடர முடியும். புதிதாகச் செய்யும் எந்த உறுப்பிலும் புள்ளி இருக்க வேண்டும், அதை அராவுகிறவர் இந்தச் சங்கத்தில் இருக்கக் கூடாது. தலைவர் அவர்களே, இது ‘இதர விஷயங்கள்’ அல்ல. டீ வருவதற்கு முன்பாகவே வாக்குக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தீர்மானம் இனி வருகிற சக்கரங்களுக்கு. மாமா கேட்டது அக்கா செய்ததில் ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று பொருத்தியவனுக்குத் தெரியும். உடைந்ததைக் கழற்றித் தூக்கிப்போட்டு, அக்கா கொடுத்ததை மாட்டியவனுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? வாய் திறந்தால் உரிமையாளர் முன்னால் பொய்யர் ஆவோம் என்றுதான் காலையிலிருந்து யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் கண் டாக்டர் ஐயா அவர்களே! உங்கள் கூடத்தில் நிற்கும் ஆளுயரக் கடிகாரத்தைப் பழுது பார்த்தது நான்தான். உள்ளே ஒரு திருகாணிகூட மாற்றவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அதை நம்பி, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் நீங்களும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஐயா, நான் சொன்னது பொய். அதில் மேலிருந்து இரண்டாவது சக்கரம் பல்லக்கா செய்தது. புள்ளியை அராவியவன் நான்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் அதைக் கழற்றி மாமாவிடம் கொடுக்கிறேன். அதன் இடத்தில் நானே ஒன்று செய்து மாட்டுகிறேன். அக்கா செய்தது போல அது இருக்காது, கொஞ்சம் கரகரக்கும். அதில் என் புள்ளி இருக்கும். சம்மதம் இல்லை என்று என்னை வாசலோடு அனுப்பினாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

மாமா, இன்று உங்களை வெறுங்கையோடு அனுப்புகிறோம். மன்னியுங்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு நாளைக்கு வருகிறதா பார்ப்போம். நான் உட்காருகிறேன். அடுத்துப் பேச வருகிறவர்கள் பல்லக்காவைப் புகழ வேண்டாம், எந்தக் கடிகாரத்தில் எந்தச் சக்கரம் அவருடையது என்று மட்டும் சொல்லுங்கள்.