மிச்சமெல்லாம் மகனுக்கு

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வை. காகிதம் பறக்கிறது.

உயிலைப் படித்ததும் உன் முகம் சுண்டிப்போனதைக் கவனித்தேன். வீடு அத்தைக்கு என்று எழுதியிருக்கிறேன். பெற்ற பிள்ளை நீ இருக்கும்போது அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைக்கிறாய். உட்கார், சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். சொத்து விஷயத்தில் ஜனங்கள் கோட்டை விடுவது பெரிய சட்டங்களில் அல்ல, சின்ன விதிகளில்தான். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களின் உயிலில் ஒருவருக்குச் சொத்து எழுதியிருந்து, அவரே அதில் சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அவருக்கு எழுதியது செல்லாது. உயில் செல்லும், அவர் பங்கு மட்டும் போய்விடும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் தாத்தா இதே மேஜையில்தான் உயில் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான். "வீடு அவளுக்குப்பா. எனக்காகத் தையல் கடையையே மூடிட்டு வந்தவ" என்றார். நியாயம்தான். அவரைக் குளிப்பாட்டியதும் என் தங்கைதான், அவரிடம் திட்டு வாங்கியதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியது நான். கடைசி வரியில் "மிச்சமெல்லாம் மகனுக்கு" என்று எழுதச் சொன்னார். மிச்சம் என்று அவர் நினைத்தது ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு சைக்கிளும். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

இரண்டு சாட்சி வேண்டும். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் வந்துவிட்டார். மாடியில் குடியிருந்த தபால்காரரை அழைத்து வருகிறேன் என்று கிளம்பினேன். மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன், திரும்பி வந்தேன். ஆளைக் காணோம் என்றேன்.

"நான் போடலாமாண்ணா?" என்றாள் தங்கை.

"தாராளமாப் போடும்மா. உன்னைவிட இதுக்கு யாரு இருக்கா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஊசியில் நூல் கோக்கிற நிதானத்தோடு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

செல்லாமல் போன பங்கு எங்கே போகும்? மிச்சத்தோடு சேரும். கடிகாரம், சைக்கிள், வீடு.

அப்பா போன பிறகு அவளிடம் பொய் சொல்லவில்லை. உன் கையெழுத்தால் வீடு உனக்கு வராமல் போய்விட்டது என்றேன். "கோணலாப் போட்டுட்டேனாண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்று நான் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "அப்பா ஆசையை நானே கெடுத்துட்டேனே, மன்னிச்சிடுங்கண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னித்தேன். அதற்கும் ஒரு மனசு வேண்டும். பின்னறையைக் கொடுத்தேன், வாடகை கேட்டதில்லை. சமையல், துணி துவைப்பது எல்லாம் அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து அவள் கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறாள். தலையணைக்கு அடியில் ஒரு கட்டு இருக்கிறது. போன மாதம் அதைப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது. டாக்டர் வேறு என் இதயத்தைப் பற்றி இழுத்து இழுத்துப் பேசினார். அப்பாவின் ஆசையை நிறைவேற்றாமல் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். அதனால்தான் முதல் வரியிலேயே வீடு அவளுக்கு. என் கையால் எழுதிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது.

நீ கடைசி வரியைச் சரியாகப் படிக்கவில்லை. இன்னொரு தடவை படி.

ஆ, இப்போதுதான் முகம் தெளிகிறது.

எதிர்வீட்டு வாத்தியார் கூடத்தில் காத்திருக்கிறார். இன்னொரு சாட்சிக்காக நீ வெளியே அலைய வேண்டாம். அத்தையைக் கூப்பிடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரச் சொல். பாவம், இந்தத் தடவையாவது அழகாகப் போட வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருக்காதா?