அறுநூறு பச்சைக் கண்கள்

ஒரு ஜோடிக் கண்ணின் விலை எண்பது. பேரம் பேசினால் எழுபத்தைந்துக்கு இறங்குவார்கள். முந்நூறு ஜோடியை மொத்தமாக எடுத்ததால் எனக்கு அறுபத்திரண்டுக்குப் படிந்தது. கல் வியாபாரி பணத்தை எண்ணிக்கொண்டே, "அண்ணே, உங்களுக்கு வித்தா எனக்குக் கண்ணுல தண்ணிதான் மிச்சம்" என்றார். ஒரு டீ சொன்னேன். அவர் செலவில்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஐயா, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் என்னை வெறி பிடித்தவன் என்று எழுதிவிடக் கூடாது. நான் வியாபாரி. வெள்ளி நாணயம் அடிக்கக் கொடுத்து விற்கிறவன். நம் காட்டு விலங்கு ஒன்று, அதற்குப் பொருத்தமான கல் ஒன்று, வெல்வெட் பெட்டி, வரிசை எண். முதலில் மான், கொம்பில் சிவப்புக்கல். அடுத்து மீன்கொத்தி, சிறகில் நீலம். இரண்டும் பெட்டி திறப்பதற்குள் விற்றுப்போயின. மூன்றாவதுதான் ஆந்தை. நம் மலையில் மட்டும் இருக்கிற குட்டி ஆந்தை. நேராகப் பார்க்கும் முகம், இரண்டு கண், இரண்டு கல்.

அச்சு வெட்டுகிறவர், "கண்ணு என்ன கலருங்க?" என்று கேட்டார். மஞ்சள் புஷ்பராகம் ஜோடி நூற்றைம்பது. மரகதப் பொடிக்கல் அறுபத்திரண்டு. "பச்சை" என்றேன். நான் அந்த ஆந்தையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் விலை மாறியிருக்காது.

என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது சான்றிதழ். நானே உட்கார்ந்து எழுதிய வாசகம்: 'இயற்கையில் உள்ளது உள்ளபடி. உயிருள்ளதோடு ஒப்பிட்டு வேறுபாடு காட்டினால் இரு மடங்கு பணம் வாபஸ்.' மானுக்கும் மீன்கொத்திக்கும் இதே வாசகம்தான். யாரும் மானைக் கடைக்கு இழுத்துவந்து ஒப்பிடவில்லை. ஆந்தை நாணயம் ஒன்று நாலாயிரம், மொத்தம் முந்நூறு. இரு மடங்கு என்றால் இருபத்துநாலு லட்சம். கடை, வீடு, மனைவியின் கழுத்தில் இருப்பது எல்லாம் சேர்த்தாலும் இருபத்தொன்றைத் தாண்டாது.

வாங்கியவர்களில் ஒரு கணக்கு வாத்தியார் உண்டு. ஓய்வு பெற்றவர். பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஒரு திங்கட்கிழமை கடை திறந்ததும் வந்து, பெட்டியைத் திறந்து வைத்தார்.

"தம்பி, இந்த ஆந்தைக்குக் கண்ணு மஞ்சளாச்சே."

"சார், வெளிச்சத்துல பாருங்க."

"வெளிச்சத்துல பார்த்துட்டுத்தான் வந்தேன். அருங்காட்சியகத்துல பாடம் பண்ணி வெச்சிருக்கான், மஞ்சள். நூலகத்துல படம் போட்ட புஸ்தகம் இருக்கு, அதுலயும் மஞ்சள். உயிரோட ஒண்ணு விலங்குக் காட்சிசாலையில இருக்காம். வர்ற ஞாயித்துக்கிழமை பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன். போயிட்டு வந்து பேசிக்கலாம்."

அவர் போனபின் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அப்பா துணிக்கடை வைத்திருந்தார். வீட்டில் போய் அளந்தால் துணி அரை அங்குலம் குறைகிறது என்று வாரம் இரண்டு பேராவது வருவார்கள். அப்பா யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. கடையின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஓர் அளவு நாடா இலவசமாகக் கொடுத்தார். நல்ல நாடா, பித்தளை முனை. அரை அங்குலம் குட்டை. அதன் பிறகு ஊரில் எந்தத் துணியும் குறையவில்லை. தையல்காரர்தான், ஊரே கொஞ்சம் பெருத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே, நாணயத்தில் கை வைக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போனேன். தூசி துடைக்கிற துணியும் ஒரு ஸ்டூலும் கையில் இருந்தால் உங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காவலாளியே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் கண்ணாடிக் குண்டு இரண்டை எடுத்துவிட்டுப் பச்சை இரண்டை வைத்தேன். "இப்பதான் சார் உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். புதன்கிழமை நூலகம், பச்சை மசி, இரண்டு சொட்டு. இதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸ் வேணும். பச்சை."

"யாருக்குங்க?"

"தெரிஞ்ச இடம். ராத்திரி தூங்க மாட்டார்."

"பவர் என்ன?"

"பவருக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. கும்மிருட்டுல எலி போனாக்கூடத் தெரியும்."

காட்சிசாலையில் என் மச்சான்தான் மருத்துவர். என் மனைவியின் அண்ணன். அவர் பெயரைச் சொன்னதால் கூண்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் பொறுமையாகத்தான் முயன்றேன். ஆந்தைக்குப் பொறுமை இல்லை. இதோ, இந்த விரல். நான் அதற்கு ஒரு நியாயமான வாய்ப்பு கொடுத்தேன் என்பதற்கு ஏழு தையல் சாட்சி.

வெள்ளிக்கிழமை, ஆந்தையின் உணவுச் செலவைக் கடை ஏற்பதாக எழுதிக் கொடுத்து, முதல் தவணையாக ஆறு எலிகள் அனுப்பினேன். கூண்டின் மேல் கடைப் பெயரோடு பலகை மாட்டினார்கள். எலி என்ன சாப்பிட்டிருந்தது என்பது எலியின் விவகாரம். ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் போனபோது பலகை மட்டும் இருந்தது.

பேரப்பிள்ளைகளை ஏமாற்றக் கூடாதென்று அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "நாப்பது வருஷம் பிள்ளைங்க விடையைத் திருத்தினவன் தம்பி நான். இப்ப என் கண்ணையே நம்ப முடியலை" என்றார். எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. தெரிந்த கண் மருத்துவமனை ஒன்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் அறுவை செய்துகொண்டு வந்தார். நாணயத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப சரியாயிருக்கு" என்றார். அங்கே எனக்குப் பத்து சதவீதம் உண்டு. நான் வாங்கிக்கொள்ளவில்லை. இப்படியும் ஒரு வியாபாரி இருக்கிறான் என்று எழுதலாம்.

இத்தோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் யார் என்று எனக்குத் தெரியாதே. அதில் யாராவது மலையேறுகிறவராக இருந்தால்? மலையில் பதினொன்று இருப்பதாக மச்சான் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி சொல்வார். வருடா வருடம் எண்ணுவார். பாவம், பிள்ளையில்லாத மனிதர். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தார். எந்தப் பொந்தில் எது இருக்கிறது என்று கேட்டால், ஒரு தாளில் படமே வரைந்து கொடுப்பார். கொடுத்தார்.

ஆறு வாரம் ஆனது. எலிச் செலவு தனி.

ஒரு நாள் மத்தியானம் மச்சான் கடைக்கு வந்தார். சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.

"மாப்ளே, பத்து போச்சு. ஏதோ நோய்னு நினைக்கிறேன். ஒண்ணுதான் மிச்சம். அதை இறக்கிட்டு வந்து பத்திரமா வெச்சுக்கணும். ஏணி பிடிக்க நம்பிக்கையான ஆள் வேணும். வர்றீங்களா?"

நான் அவரைத் தேடிப் போகவில்லை, ஐயா. அவர்தான் கூப்பிட்டார்.

உயரமான மரம். அலுமினிய ஏணி, மடக்கி நீட்டுவது, நல்ல கனம். கழுத்தில் கேமராவும் துணிப்பையுமாக அவர் ஏறினார். பொந்துக்குப் பக்கத்துக் கிளைக்கு மாறி உட்கார்ந்து கையை விட்டார். ஆந்தை கடிக்கவில்லை, அவரைத் தெரியும் போலிருக்கிறது. முகத்துக்கு நேரே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அதைப் பைக்குள் விட்டபடியே கீழே பார்த்துச் சிரித்தார்.

"கண்ணு தங்கம் மாதிரி மஞ்சள் மாப்ளே. உங்க காசுல பச்சையால்ல இருந்துச்சு? உங்களை எவனோ நல்லா ஏமாத்திட்டான். விடாதீங்க, நான் கையெழுத்துப் போட்டு எழுதித் தர்றேன், படத்தோட. கல்லுக்காரன் தலையில கட்டிடலாம்."

அவர் எனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தார். இதை நான் யாரிடமும் மறுக்கமாட்டேன். ஆனால் கையெழுத்து, படம், மருத்துவர். இருபத்துநாலு லட்சம்.

நான் அவரைத் தள்ளவில்லை. தொடவே இல்லை. ஏணியை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் பேசிக்கொண்டே, பின்பக்கம் பார்க்காமல் காலைக் கீழே விட்டார். நான் பிடித்துக்கொண்டிருப்பேன் என்ற நம்பிக்கை. பையும் அவரோடு வந்தது. பதினொன்றும் முடிந்தது.

கேமராவை நான் தொடவில்லை. அடுத்தவர் பொருளில் கை வைத்துப் பழக்கமில்லை. ஏணியை மட்டும் காட்டில் போட்டுவிட்டு வர மனது வரவில்லை. இரும்புக்கடையில் பாதி விலைக்குக் கொடுத்தேன். கடைசிப் படிக்கு அடியில் காட்சிசாலையின் எண் பொறித்திருக்கும் என்று யார் கண்டது? வெள்ளி நாணயமாக இருந்தால் விளிம்பில் எண்ணைப் பார்த்திருப்பேன். ஏணிக்கு விளிம்பு பார்க்கிற வழக்கம் இல்லை.

காலையில் என் மனைவி மாற்றுத் துணி கொண்டுவந்தாள். பையைக் கம்பிக்கு இந்தப்பக்கம் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எங்க அண்ணன் கண்ணு என்ன கலர்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" இருபது வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அவள் போய்விட்டாள்.

ஊரில் யாரையும் கேளுங்கள், நான் பொய்ச் சரக்கு விற்றவன் இல்லை. இன்றைய தேதிக்கு அந்த நாணயத்தோடு ஒப்பிட்டு வேறுபாடு காட்ட உயிருள்ள ஒன்றும் இல்லை. சான்றிதழில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை.

கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். நாணயத்தில் அறுநூறு கண், பச்சை. அருங்காட்சியகத்தில் இரண்டு, பச்சை. புத்தகத்தில் இரண்டு, பச்சை. வாத்தியாருடையது இரண்டு, பச்சை என்று ஒப்புக்கொண்டவை. கூண்டில் இரண்டு, மலையில் இருபத்திரண்டு, கழித்தாயிற்று. மச்சானுடையது இரண்டு, கழித்தாயிற்று. நிறம் தெரியாததால் அந்தக் கட்டம் காலி.

சற்று முன்னால் நீங்கள் அந்தக் கேமராப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மஞ்சளாத்தானே இருக்கு" என்றீர்கள், ஐயா. நான் மறந்துவிடவில்லை.

பாக்கி, இரண்டு.