கவுத்து வெச்ச மூடி

ஆடலையா? ஆடாது சார். ஓடற இஞ்சின்ல ஆயில் மூடியக் கழட்டி, அதே ஓட்டை மேல கவுத்து வெச்சிட்டு, நீங்க பொழுதன்னிக்கும் நின்னாலும் அது பாட்டுக்கு குந்திக்கினு இருக்கும். யூட்யூப்ல பாத்தீங்களா? அதான பாத்தேன். முன்னல்லாம் வண்டி வாங்க வர்றவன் டயர ஒதைப்பான், ஆரன் அடிப்பான், சீட்டு கவர மோந்து பாப்பான். இப்ப மூடி.

கோச்சிக்காதீங்க. பரீட்சை என்னமோ சரிதான். பிஸ்டன் ரிங்கு தேஞ்சிட்டா, மேல எரியற காத்து சந்துல பூந்து கீழ ஆயில் இருக்கற எடத்துக்கு எறங்கிடும். பேக் கம்ப்ரஷன்னு சொல்லுவோம். உள்ள காத்து ரொம்பிட்டா எங்கனா வெளிய வரணுமில்ல? மூடியத் தூக்கி எறியும். ஆனா வாடகைக்கு ஓடன டீசல் வண்டி, ரெண்டே முக்கா லட்சம் கிலோமீட்டரு, மூடி துளி அசையலன்னா சந்தோசமா பட்றது? பயப்படணும் சார்.

கோதண்டபாணியா? தெரியாம இன்னா. விழுப்புரத்துலேந்து திண்டிவனம் வரிக்கும் அந்தப் புரோக்கரு கை படாத பழைய வண்டி கெடையாது. ஒரே ஓனரு, டாக்டர் ஓட்னதுன்னானா? அவன் வித்ததெல்லாம் டாக்டருங்க ஓட்டியிருந்தா இந்த ஜில்லாவுல ஊசி போட ஆளே இருந்திருக்காது. சந்தேகம்னா பைபாஸ்ல சார்ஜாக்காரரு ஒருத்தரு இருக்காரு, காட்டிட்டு வாங்கன்னும் சொல்லியிருப்பான். சொன்னானா. ம்.

இஞ்சின ஆஃப் பண்ணாதீங்க. நான் பின்னாடி அடியில பூர்றேன், நீங்க மூடி மேலயே கண்ணு வெச்சிக்கினு இருங்க. கேக்குதா? கட்டவெரலால அடைக்கிறேன். இப்ப? உழுந்துச்சா! ஃபேன் கிட்ட கைய வுடாதீங்க, போனா போவுது மூடி. ஓட்டையில பொகை குபுகுபுன்னு வருதா? வெரல எடுத்துட்டேன். அடங்கிடுச்சில்ல?

வந்து குனிஞ்சி பாருங்க. சட்டை அழுக்காவுமா? ஆவட்டும். இந்த ரப்பர் பைப்பப் பாருங்க. இஞ்சினுக்குப் பின்னாடி தெரியாத எடத்துல ஓட்டை போட்டு, கியர்பாக்ஸ் மேலாக்க கொண்டாந்து, சைலன்சர் வாய்கிட்ட வுட்டுக்கிறான். காத்து பூரா பொகையோட பொகையா போயிடுது. நோவு அப்டியே இருக்குது, மொனகற சத்தம் மட்டும் கேக்காது.

இவன்லாம் மெக்கானிக்கா? தூ. தொழில் தெரியாதவன் செஞ்சா ஒழியுதுன்னு வுடலாம். இவனுக்குத் தெரியும் சார். பாருங்க, ஜாணுக்கு ஒரு கிளிப்பு. சூடு படாம ரெண்டு வெரக்கட தள்ளி. வளைவுல எங்கயும் மடங்கல. இந்த ஊர்ல எவன் இப்டி பண்றான்? கட்டுக்கம்பிய சுத்திட்டுப் போவானுங்க. வேல அவ்ளோ சுத்தம். அந்த சுத்தந்தான் அசிங்கம்.

எப்டி கரெக்டா அங்க போயி கைய வெச்சேனா? அனுபவம்தான். மொதல்ல மூஞ்சத் தொடைங்க, ஆயிலு.

டீ குடிக்கச் சொல்ல இன்னா சொன்னீங்க? வூட்டம்மாவ வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ்க்கு பாண்டிக்கு இட்டுக்கினு போவணும், அவங்களால பஸ்ஸுல முடியல, அதுக்குத்தான் வண்டின்னு. இது ஆயில குடிச்சிக்கினே ஓடும் சார். மூணு மாசம், நாலு மாசம். அப்புறம் ஒருநாள் கண்டமங்கலத்தாண்ட, மொட்ட வெயில்ல, பின்சீட்டுல அந்தம்மாவ வெச்சிக்கினு நிப்பீங்க. நீங்க மட்டும் அத சொல்லாம இருந்தா, வண்டி சூப்பரு, எடுங்கன்னு தலைய ஆட்டி அனுப்பியிருப்பேன். அதுக்குத்தான இங்க அனுப்பனான்.

மறுக்கா அதையே கேக்கறீங்க, கை எப்டி கரெக்டா அங்க போச்சின்னு.

சார்ஜாவுல பதினாலு வருசம் சார். சூப்பர்வைசரு ஸ்கேல வெச்சிக்கினு வருவான். ஜாணுக்கு ஒரு கிளிப்பு இல்லன்னா மொத்தத்தையும் பிரின்னுவான். அந்தப் பழக்கம் வுடவே இல்ல. போன மாசம் இந்தப் பைப்ப நான் பூட்டறப்பயும் வுடல. கோதண்டபாணி என் தங்கச்சி புருசன்.

டார்ச்ச இப்டி புடிங்க. பைப்பக் கழட்டி ஓட்டைய அடைச்சிட்றேன். சாய்ந்தரம் தங்கச்சி வந்து வாசல்ல நின்னு கத்தும், கத்தட்டும். அடுத்து வர்றவன் வெக்கறப்பவாச்சும் அந்த மூடி ஆடட்டும்.