வெறும் பலகை

சிவப்பு மையால் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும் ஐயா. வெள்ளைப் பலகையில் எடுப்பாகத் தெரியும்.

என் பெயர் சாமித்தம்பி, தன்னாமுனை ஆள். வாவியில் திலாப்பியா பிடித்து வந்து ஆராய்ச்சிக்கூடத்துத் தொட்டிகளில் விட்டுப் பார்த்துக்கொள்வது என் கூலி வேலை. தொட்டிகளுக்குப் பெயர் எழுத ஆள் வேண்டுமென்று, ஐம்பது வயதில் எனக்கு எழுத்துப் படிப்பித்தவர் விதுர்ஷா மிஸ். நல்ல பிள்ளை.

அவர் ஆராய்ந்தது மீனின் விழித்திரையை. அங்கே வெளிச்சத்தை வாங்கும் உயிர்க்கலமும் அடுத்த கலமும் மயிரிழை இடைவெளி விட்டு நிற்குமாம். அந்த இடத்துச் சவ்வில் புரதங்கள் கூடிச் சின்னச் சின்ன வாசல்களாக இருக்கும். அவற்றின் வழியே மின்சாரம் ஓடுவதால்தான் மங்கலான கோடும் மீனுக்குப் பிரிந்து தெரிகிறதாம். வாசல் இல்லாத மீனுக்கு மங்கல் கோடு தெரியாது.

இதற்காக மீனை இருட்டறையில் வைக்க வேண்டும். அங்கே மங்கிய சிவப்பு விளக்கு மட்டும்தான். முதல் தடவை நான் சிவப்பில் பெயர் எழுதியதைப் பார்த்து மிஸ் சிரித்தார்.

"இந்த வெளிச்சத்தில சிவப்பெழுத்து வெள்ளையோட கலந்து போயிரும் அண்ணன். எங்கட கண்ணுக்கும் ஒண்டும் தெரியாது. இந்தாங்க, கறுப்புப் பேனை."

போன மாதம் கவனமில்லாமல் அந்த அறையைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் பட்டு ஒரு கிழமை வேலை வீணாகிப்போனது. புளியந்தீவிலிருந்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் முன்னால் மிஸ் கேட்டார்.

"திறக்க வேணாம் எண்டு போர்ட் தொங்குதே. வாசிக்க ஏலாட்டி மறுகா என்னத்துக்கு அண்ணன் எழுத்துப் படிச்ச நீங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோபம் இல்லை ஐயா. எழுத்து கண்முன்னே இருந்தும் வாசிக்க முடியாமல் நிற்பது எப்படியென்று அவரும் ஒருமுறை அறியட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், இருட்டறைத் தொட்டிப் பம்பின் வயரை எலி கடித்திருந்தது. தண்ணீரில் விரல் நுனி பட்டதும் தூக்கி அடித்தது. பம்பை நிறுத்தினால் மீன் செத்துவிடும். அதனால் எழுதித் தொங்கவிட்டேன்: தண்ணீரில் கை வைக்க வேண்டாம், கறண்ட் அடிக்கும்.

மிஸ் வழமைபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் கறுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"பம்ப் ஓடுதா அண்ணன்?"

"ஓம் மிஸ், ஓடுது."

"இதென்ன, வெறும் பலகையைத் தொங்கவிட்டிருக்கீங்க? எழுத்தெல்லாம் மறந்து போச்சா?"

அவருடைய சிரிப்புக் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. வளையல்களை மேலே தள்ளிவிடும் சத்தம் கேட்டது. அப்போதும் சொல்லவில்லை. பிறகு தண்ணீர் ஒருமுறை அலம்பியது.

மரண விசாரணைக்கு வந்த நீங்கள் அந்தப் பலகையை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "எழுதித்தானே வெச்சிருக்கீங்க, நீங்க போகலாம்" என்றீர்கள். அதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. மிஸ் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். அவர் தந்த கறுப்புப் பேனை அன்றைக்கும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.