மூன்று கேள்விகளும் நோரீனின் கையெழுத்தும்

நோரீன்: ...வெயில் ஏறிடுச்சு கிளெம். நீ கார்லயே இரேன். நான் ஒரே ஓட்டமா ஓடிப் போய்ப் போட்டுட்டு வந்துடறேன்.

கிளெம்: ஓடியா? அந்த முட்டியை வெச்சுக்கிட்டா?

நோரீன்: சரி, நடந்தே போறேன். நீ ரேடியோ கேட்டுக்கிட்டு...

கிளெம்: அப்ப என் ஓட்டை யாரு போடுவா? பூனையா?

நோரீன்: வரிசை பள்ளிக்கூட கேட் தாண்டி நிக்குது. உன்னால அவ்வளவு நேரம் நிக்க முடியாதுன்னு சொல்றேன்.

கிளெம்: கல்யாணம் ஆகி அம்பத்திரண்டு வருஷமா சேர்ந்துதான் ஓட்டுப் போட வந்திருக்கோம். அதுல முப்பது வருஷம் நான் உள்ள தேர்தல் அதிகாரியா மேஜையில உக்காந்திருந்தேன், நீ வெளிய வரிசையில நின்ன. அப்பவும் ஒரே கார்லதான் வந்தோம். பூட்டைத் திற.

நோரீன்: திறக்கறேன்... தொப்பி. தொப்பியை விட்டுட்டுப் போற பாரு.

கிளெம்: வெங்காயம் வதங்கற வாசனை வருது. பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்காரங்க ரொட்டியும் சாஸேஜும் விக்க அடுப்பு மூட்டிட்டாங்க.

நோரீன்: முதல்ல அதைச் சாப்பிடலாமா? கூட்டம் கொஞ்சம் குறையட்டும்.

கிளெம்: முதல்ல ஓட்டு, அப்புறம்தான் ரொட்டியும் சாஸேஜும். இத்தனை வருஷத்துல மாத்தினதே இல்ல. நீ ஏன் காலையிலேர்ந்து ஒரு மாதிரி இருக்க? என் டீயில ரெண்டு தடவை சர்க்கரை போட்ட.

நோரீன்: உன் நாக்குதான் கெட்டுப் போச்சு.

கிளெம்: இருக்கலாம். சரி, வரிசையில நின்னாச்சு. நம்ம வழக்கத்தை ஆரம்பிக்கலாமா? முழுப் பேரு?

நோரீன்: இன்னிக்கு வேணாமே...

கிளெம்: உள்ள கேக்கப் போற அதே மூணு கேள்விதானே. நான் வேலையில சேர்ந்த வருஷத்துலேர்ந்து உன்கிட்டதான் ஒத்திகை பாத்திருக்கேன். முழுப் பேரு?

நோரீன்: நோரீன் மே ஹாதர்லி.

கிளெம்: எங்க குடியிருக்கீங்க?

நோரீன்: பதினாலு, ஆக்கேஷியா தெரு.

கிளெம்: இந்தத் தேர்தல்ல ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டீங்களா?

நோரீன்: இல்ல.

கிளெம்: சபாஷ். இப்ப என்னைக் கேளு.

நோரீன்: விடு கிளெம். முன்னாடி நகருது, வா.

கிளெம்: கேளுன்னா.

நோரீன்: ...முழுப் பேரு?

கிளெம்: கிளெமென்ட் ஜான் ஹாதர்லி.

நோரீன்: எங்க... எங்க குடியிருக்கீங்க?

கிளெம்: மில் ரோடு. தண்ணித் தொட்டி தாண்டி ரெண்டாவது கேட்டு.

நோரீன்: மில் ரோடா?

கிளெம்: மூணாவது கேள்வி எங்க? ஏன் முழிக்கற, தப்பா சொல்லிட்டேனா?

நோரீன்: அந்தப் பண்ணையை வித்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சு.

கிளெம்: ஆ... ஆமா. ஆக்கேஷியா தெரு. பதினாலு. வாசல்ல எலுமிச்சை மரம் இருக்கற வீடு.

நோரீன்: அதேதான். மெதுவாப் பேசு, பின்னாடி ஆளு நிக்கறாங்க.

கிளெம்: நிக்கட்டுமே.

நோரீன்: எல்லாரும் ஓட்டுப் போட்டே ஆகணும்ங்கற இந்தச் சட்டத்தை எவன் கொண்டு வந்தானோ. நியூசிலாந்துல என் தங்கச்சிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இஷ்டம் இருந்தா போறா, இல்லேன்னா செடிக்குத் தண்ணி ஊத்தறா. இங்க ஆஸ்திரேலியாவுலதான் முடியாதவங்களையும் இழுத்துட்டு வந்து வெயில்ல நிறுத்தறாங்க.

கிளெம்: முடியாதவங்களை யாரு இழுக்கறா? காரணம் எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்க.

நோரீன்: அதைத்தான் சொல்றேன். கட்டாயம்னு வெச்சதாலதானே காரணம் கேக்கறாங்க? இஷ்டம்னு விட்டிருந்தா, ஒரு ஆளு வரலைன்னா வரல, அவ்வளவுதான். ஏன் வரலன்னு வீட்டுக்குக் கடுதாசி வராது. யாரும் யாரைப் பத்தியும் எதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டி வராது.

கிளெம்: யாரு கையெழுத்துப் போட்டா?

நோரீன்: பொதுவா சொன்னேன்.

கிளெம்: ம்... நானும் பொதுவா ஒண்ணு சொல்றேன். அந்த மேஜைக்கு முந்தின நாள் குடிச்ச போதை தெளியாதவன் வருவான். சொந்தப் பேரை எழுத வராதவன் வருவான். மாட்டு டாக்டரும் அதே வரிசையில வருவாரு. எல்லாருக்கும் அந்த மூணு கேள்விதான். உனக்குப் புத்தி இருக்கான்னு நாலாவதா ஒண்ணு நான் கேட்டதே இல்ல. எல்லாரும் வந்தே ஆகணும்னு இருக்கறதாலதான் அதைக் கேக்க முடியல. இஷ்டம்னு விட்டுப் பாரு... நீயெல்லாம் எதுக்கு வந்தன்னு கேக்க ஒருத்தன் கிளம்பிடுவான்.

நோரீன்: நல்லாத்தான் பேசற.

கிளெம்: ஏன், பேசக் கூடாதா?

நோரீன்: போன மாநிலத் தேர்தல்ல என்ன பண்ணினன்னு ஞாபகம் இருக்கா?

கிளெம்: மழை பெஞ்சுது.

நோரீன்: மழை இல்ல. ஓட்டுச் சீட்டை மடிச்சுக் கையிலயே வெச்சுக்கிட்டு வெளிய வந்துட்ட. வாசல்ல கிரிக்கெட் கிளப்புக்காரங்க குலுக்கல் பெட்டி வெச்சிருந்தாங்க, ஒரு தட்டு ஆட்டுக்கறி பரிசுன்னு. நேரா போய் அதுல போட்ட.

கிளெம்: ...யாரு பாத்தா?

நோரீன்: நான் மட்டும்தான்.

கிளெம்: கறி விழுந்துச்சா?

நோரீன்: சிரிக்காத. வீட்டுக்கு வந்து சட்டைப் பையைத் தடவிக்கிட்டே இருந்த. சீட்டு எங்க, சீட்டு எங்கன்னு.

கிளெம்: முப்பது வருஷம் ஓட்டுப் பெட்டிக்குக் காவல் இருந்தவன்.

நோரீன்: ஆமா.

கிளெம்: அதுலதான் நீ பயந்துட்ட.

நோரீன்: பயந்துட்டேன். இன்னொரு தடவை எல்லார் முன்னாடியும் உனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு... கிளெம், இங்க பாரு, உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வா, திரும்பிக் காருக்குப் போயிடலாம், அங்க சொல்றேன்.

கிளெம்: வாசல்படி ஏறியாச்சு. மேஜையில யாருன்னு பாரு. நம்ம டீகன். சீட்டு எண்ணறதுக்கு நான்தான் அவளைப் பழக்கினேன்.

நோரீன்: டீகனா... ஐயோ. வேற மேஜை இல்லையா?

கிளெம்: ஏன், டீகனுக்கு என்ன?

நோரீன்: நான் டாக்டர்கிட்ட ஒரு...

டீகன்: அடுத்தவங்க வாங்க. அட, மிஸ்டர் ஹாதர்லி. உங்களை மேஜைக்கு அந்தப் பக்கம் பாக்கறதே புதுசா இருக்கு.

நோரீன்: டீகன், நான் முதல்ல போட்டுடறேனே...

டீகன்: ரெண்டு பேருக்கும் சேர்த்தே பாத்துடறேன் மிஸஸ் ஹாதர்லி. தெரிஞ்சவங்களா இருந்தாலும் கேக்கணும்னு இவருதான் சொல்லிக் குடுத்தாரு. மிஸ்டர் ஹாதர்லி, உங்க முழுப் பேரு?

கிளெம்: என் பேரைத் தேடாத டீகன். பட்டியல்ல இருக்காது.

டீகன்: இருக்குமே... ஒரு நிமிஷம்... ஹாஸ்கின்ஸ், ஹாதர்லி...

கிளெம்: ஹாதர்லியில நோரீன் பேரு மட்டும்தான் இருக்கும். நான் இவ கூட வந்தவன். இவளுக்குச் சீட்டு குடு.

நோரீன்: கிளெம்... உனக்கு எப்பத் தெரியும்?

கிளெம்: பட்டியல்லேர்ந்து பேரை எடுக்கப் போறோம்ங்கற கடுதாசி என் பேருக்குத்தானே வந்துச்சு. நீ அதைத் தையல் டப்பாவுல ஒளிச்ச. நான் அதுல பட்டன் தேடினேன். 'வாக்களிப்பின் பொருளை உணரும் நிலையில் இல்லை'ன்னு டாக்டர் எழுதியிருந்தாரு. நீக்கச் சொல்லிக் கேட்டவங்கன்னு உன் பேரும் கையெழுத்தும் இருந்துச்சு.

நோரீன்: மறுப்பு எழுத இருபது நாள் குடுத்திருந்தாங்களே. ஏன் எழுதல? ஏன் என்கிட்ட ஒரு சண்டை கூடப் போடல?

கிளெம்: எழுதத்தான் உக்காந்தேன். நல்ல பேப்பர், நல்ல பேனா. மேல தேதி போடணும்ல... எந்த வருஷம்னு வரல. டீ ஆறிப் போற வரைக்கும் உக்காந்திருந்தேன், வரல. மடிச்சு டப்பாவுலயே வெச்சுட்டேன். நீ போட்ட கையெழுத்து சரிதான்.

நோரீன்: அப்புறம் எதுக்கு... இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு இந்த வெயில்ல வந்து நின்ன?

கிளெம்: நீ தனியா நின்னா, கிளெம் ஏன் வரலன்னு வரிசையில ஆளாளுக்குக் கேப்பாங்க. ஒரு தடவை காரணம் எழுதிக் குடுத்ததே உனக்குப் போதும். திரும்பு, டீகன் கேக்கறா பாரு... முழுப் பேரு.