மாவுச் சாக்கில் விழுந்த மனிதன்

நீங்கள் தந்த கெங்கே சோள உருண்டை நன்றாக இருந்தது ஐயா, மீனும் மொறுமொறுப்பு. தொழில் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது தானாகப் புரியும்.

எங்கள் பட விநியோகக் கம்பெனி என்பது ஒரு வேன், ஒரு டி.வி., ஒரு வீடியோ டெக், ஒரு ஜெனரேட்டர். பங்காளிகள் நானும் நார்ட்டேயும். தலைநகர் அக்ராவில் கேசட் வாங்கி ஊர் ஊராகக் காட்டுவோம். சுவரொட்டி அச்சடிக்க வழியில்லை. மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்போம், அதில் ஓவியர் அடோட்டே வரைவான். படத்தை அவன் பார்ப்பதில்லை. பெயரைக் கேட்டுவிட்டு, கூட்டம் எதற்கு வருமோ அதை வரைவான்.

ஒருமுறை டெச்சிமான் ஊரில் கிழங்கு விற்கும் ஒருத்தி எழுந்து நின்றாள். "அண்ணே, படம் முடிஞ்சுபோச்சு. சாக்குல இருந்த பாம்பு எங்க? டீ குடிக்கப் போயிருச்சா?" நாற்காலிகள் பறந்தன. இன்னும் இரண்டு ஊர் இப்படிப் போனால் கம்பெனி இருக்காது.

"படத்துல இருக்கறத வரையச் சொல்லேன்" என்றேன்.

நார்ட்டே சிரித்தான். "அப்புறம் நீயும் நானும்தான் உக்காந்து பாக்கணும், டொங்கோர்."

படத்தையும் மாற்ற முடியாது, சாக்கையும் மாற்ற முடியாது. மிச்சம் இருந்தது நான். அடுத்த ஊரில் சாக்கில் பாம்பு இருந்தது. முன்வரிசையில் ஒரு மலைப்பாம்பை விட்டேன். அதற்கடுத்த ஊரில் தீ, டி.வி.க்குப் பின்னாலிருந்த கொட்டகையைக் கொளுத்தினேன், ஆடுகளை அவிழ்த்துவிட்டுத்தான். கூட்டம் இரட்டிப்பானது.

பிறகு ஒரு தையல்காரனின் காதல் கதை வந்தது. அடோட்டே, வானத்திலிருந்து தலைகீழாக விழும் மனிதனை வரைந்தான். எதிரில் நார்ட்டே நின்றதால் அவன் முகத்தையே போட்டான்.

"மூக்க மட்டும் சின்னதாப் போடுடா" என்றான் நார்ட்டே.

மேலிருந்து போட நார்ட்டே மாதிரி ஒரு பொம்மை தைத்துப் பார்த்தேன் ஐயா. மூக்கு சரியாக வரவில்லை. ஆகவே வேப்பமரத்து ஒலிபெருக்கியின் கம்பியைத் தளர்த்தி வைத்தேன். கல்யாணக் காட்சியில் அது கரகரத்தது. சரிசெய்ய நார்ட்டே ஏறினான்.

"டொங்கோர், ஏணியப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்" என்றேன். பிறகு இழுத்தேன்.

தலைகீழாகத்தான் விழுந்தான். ஒருவரும் நாற்காலியைத் தொடவில்லை. நீங்கள் போலீஸ் ஏட்டில் விபத்துச் சாவு என்று எழுதிக்கொண்டீர்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அடுத்த படத்துக்கான சாக்கை அடோட்டே நேற்று அனுப்பினான். இதோ, விரித்துப் பாருங்கள். தூக்கில் தொங்குகிறவன் முகம் என்னுடையது, காது மட்டும் கொஞ்சம் பெரிது.

சனிக்கிழமை டெச்சிமானில் காட்சி ஐயா. அதற்குள் என் தூக்கை முடித்துத் தர முடியுமா? அந்தக் கிழங்குக்காரி வருவாள்.